டபிள்யூஎஸ்ஜிஐ இடைமுகம்: ஒரு மதிப்பீடு

டபிள்யூஎஸ்ஜிஐ என்பது இணைய வழங்கி தனக்கு வரும் கோரிக்கையைப் பைத்தான் செயலியிடம் ஒப்படைக்கும் முறையை வரையறுக்கும் இடைமுகம் ஆகும். பிலிப் ஜே. ஈபி 2003-இல் இதனைப் பெப் 333 என்னும் ஆவணமாக முன்வைத்தார். பைத்தான் 3-க்கு ஏற்பத் திருத்தப்பட்ட பெப் 3333, 2010-இல் வெளிவந்தது.

இதன் வலிமை எளிமையே. செயலிக்குக் கிடைப்பவை இரண்டு: கோரிக்கையின் விவரங்கள் கொண்ட ஓர் அகராதி, மறுமொழியைத் தொடங்கும் ஒரு செயல்கூறு. மோட்_பைத்தானுக்கென எழுதிய செயலி அப்பாச்சியை விட்டு நகர முடியாது. ஜாங்கோவிலோ ஃபிளாஸ்க்கிலோ எழுதிய செயலியோ மோட்_டபிள்யூஎஸ்ஜிஐ, கனிகார்ன் ஆகிய இரண்டிலும் மாற்றமின்றி இயங்குகிறது. கோரிக்கை விவரங்களைத் தனி அகராதியில் வைத்தது பாதுகாப்புக்கும் உதவியது. பழைய சிஜிஐ முறை ஹெட்டர்களை இயங்குதளத்தின் சூழல் மாறிகளாக்கியது. அதனால் எழுந்த 'எச்டிடிபாக்சி' குறைபாடு 2016-இல் பரவலாகப் பேசப்பட்டபோது, சிஜிஐ வழியே இயக்கப்படாத டபிள்யூஎஸ்ஜிஐ செயலிகள் பொதுவாகத் தப்பின.

ஆனால் கோரிக்கையை அனுப்பியவர் யார் என்னும் கேள்வியில் இவ்விடைமுகம் மௌனம் காக்கிறது. என்ஜின்எக்ஸ் முன்னே நின்று, அதே கணினியில் உள்ள கனிகார்னுக்குப் போர்ட் வழியே கோரிக்கையைக் கடத்தினால், செயலிக்கு எல்லா வருகையாளரின் முகவரியும் 127.0.0.1 எனவே தெரியும். அப்போது ஒருவர் கடவுச்சொல்லைப் பலமுறை தவறாக இட்டால், முகவரியை வைத்துத் தடுக்கும் செயலி அனைவரையும் தடுத்துவிடும்.

இதற்குத் தீர்வாக எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டர் பயன்படுகிறது. என்ஜின்எக்ஸில் வழக்கமாக எழுதப்படும் அமைப்பு, வருகையாளர் அனுப்பிய மதிப்பை அழிப்பதில்லை. அதன் இறுதியில் உண்மையான முகவரியைச் சேர்க்கிறது. செயலி பட்டியலின் முதல் முகவரியை நம்பினால், தாக்குபவர் ஒவ்வொரு முறையும் புதிய பொய் முகவரியை இட்டுத் தடையைக் கடந்துவிடலாம். எத்தனை இடைநிலை வழங்கிகளை நம்பலாம் என எண்ணாகக் குறிக்கச் செய்யும் வெர்க்சுயிக்கின் 'பிராக்சிஃபிக்ஸ்' சரியான வழி. எனினும் அது இடைமுகத்தின் பகுதியன்று. தேவையை அறிந்தவரே அதனைச் சேர்ப்பார்.

வெப்சாக்கெட் போன்ற நீண்ட இணைப்புகளுக்கு இடமில்லாமை டபிள்யூஎஸ்ஜிஐயின் பெருங்குறையாகச் சொல்லப்படுகிறது. அதனைப் பின்வந்த ஏஎஸ்ஜிஐ நிறைவு செய்தது. யாரை நம்புவது என்னும் முடிவை ஏஎஸ்ஜிஐயும் அமைப்புக் கோப்பை எழுதுபவரிடமே விட்டுள்ளது. ஆகவே தளத்தின் பாதுகாப்பை ஆராய்பவர் செயலியின் நிரலோடு வழங்கியின் அமைப்புக் கோப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும்.