ஐந்து நிமிடத் தண்டனை

2025 பிப்ரவரி 15, மாண்ட்ரியால். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் கடிகாரம் ஒன்பது நொடி ஓடுவதற்குள் மூன்று அடிதடிகள் முடிந்திருந்தன. ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நொடியிலேயே அமெரிக்காவின் மேத்யூ கச்சக்கும் கனடாவின் பிராண்டன் ஹேகலும் கையுறைகளை உதறிவிட்டுக் குத்திக்கொண்டார்கள். அடுத்தது மேத்யூவின் தம்பி பிரேடி. அதற்கடுத்து இன்னொரு ஜோடி. அரங்கமே எழுந்து நின்று கூச்சலிட்டது. அடித்துக்கொண்டவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஆட வந்தார்கள்.

கால்பந்தில் ஒருவரைக் குத்தினால் சிவப்பு அட்டை. அன்றைய ஆட்டம் அதோடு போயிற்று. வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கியிலோ குத்துச்சண்டைக்கு விதிப்புத்தகத்தில் தனி இடம் இருக்கிறது. அது சரியா என்று பார்க்குமுன் ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

200 அடி நீளம், 85 அடி அகலம் உள்ள பனித்தரை. சுற்றிலும் பலகைச் சுவர். அணிக்கு கோல்கீப்பரையும் சேர்த்து ஆறு பேர். பந்துக்குப் பதில் 3 அங்குல விட்டமுள்ள கெட்டி ரப்பர் வில்லை, அதுதான் பக். 20 நிமிடங்களாக மூன்று பகுதிகள். ஸ்கேட்டில் பறக்கிறவர்கள் முக்கால் நிமிடத்திலேயே மூச்சிரைத்து வெளியே வர, ஆட்டம் நிற்காமலே மாற்று ஆட்கள் உள்ளே குதிப்பார்கள். பக்கை வைத்திருப்பவரைத் தோளால் இடித்துச் சுவரில் சாத்துவது விதிப்படியான செயல். காலைத் தட்டிவிட்டாலோ ஸ்டிக்கால் பிடித்து இழுத்தாலோ இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அதுவரை அவர் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். எதிரணிக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பை பவர் பிளே என்பார்கள். அந்த நேரத்தில் கோல் விழும் வாய்ப்பு அதிகம்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. காலைத் தட்டிவிட்டவரால் அணிக்கு நஷ்டம். ஆனால் இருவர் குத்திக்கொண்டு இருவருக்கும் ஐந்து நிமிடம் கிடைத்தால், அவர்கள் இடத்தில் மாற்று ஆட்கள் இறங்கலாம்; இரு அணியும் முழு பலத்தோடு ஆடும். ஆளைத் தட்டிவிட்டால் அணி அழ வேண்டும். மூக்கை உடைத்தால் வேண்டாம்! 1922இல் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல் எழுதிய விதி வெளியேற்றத்துக்குப் பதிலாக இந்த ஐந்து நிமிடத்தைக் கொண்டுவந்தது. நூறாண்டு தாண்டியும் அது அப்படியே நிற்கிறது.

ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று தள்ள முடியாது. கையில் ஸ்டிக், காலில் கத்தி போன்ற ஸ்கேட், சுற்றிலும் சுவர்: நடுவர் பார்க்காத ஒரு நொடியில் எதிராளியை முடமாக்கிவிடலாம். அப்படிச் செய்தால் யாரிடமோ பதில் சொல்ல நேரும் என்ற பயம்தான் காவல் என்பது அவர்கள் வாதம். 1980களில் எட்மண்டன் அணியின் நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியை யாராவது சீண்டினால் சக ஆட்டக்காரர் டேவ் செமென்கோ கணக்குத் தீர்க்க வருவார். 1988இல் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறியபோது இன்னொரு அடியாளான மார்ட்டி மெக்ஸார்லியும் கூடவே போனார். இதற்கென்று எழுதாத சட்டமும் உண்டு: இருவரும் சம்மதித்தால்தான் சண்டை, விழுந்தவனை அடிக்கக் கூடாது, இருவரில் ஒருவர் சரிந்ததும் துணை நடுவர்கள் விலக்குவார்கள். எழுதிய சட்டமும் வேடிக்கையானதுதான். ராப் ரே என்பவர் எதிராளியின் பிடிக்கு அகப்படாமல் இருக்கச் சண்டையில் சட்டையையே கழற்றிவிடுவார். அதனால் ஜெர்சியின் பின்புறத்தைக் கால்சட்டையோடு வாரால் பிணைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. அடிப்பதைத் தடுக்கவில்லை, ஒழுங்காக உடுத்திக்கொண்டு அடிக்கச் சொன்னார்கள்.

இந்த எழுதாத சட்டம் உண்மையில் காக்கிறதா? 2004 பிப்ரவரியில் கொலராடோவின் ஸ்டீவ் மூர், வான்கூவர் கேப்டன் மார்க்கஸ் நாஸ்லண்டை இடித்துக் காயப்படுத்தினார். மார்ச் 8 அன்று இரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. முதல் பகுதியிலேயே வான்கூவரின் மேட் குக் சண்டைக்கு அழைக்க, மூர் ஒளியாமல் எதிர்கொண்டார். மரபுப்படி கணக்கு அங்கே தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மூன்றாம் பகுதியில் அதே அணியின் டாட் பெர்டுஸி பின்னாலிருந்து வந்து மூரைக் குத்திப் பனியில் சாய்த்தார். மூரின் கழுத்தெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் என்ஹெச்எல்லில் ஆடவே இல்லை. பழிவாங்குவதை முறைப்படுத்திவிட்டோம் என்று நம்பியவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. பழிக்கு எல்லை எது என்பதை பழிவாங்க வருபவனின் கோபம்தான் தீர்மானிக்கிறது, மரபு அல்ல.

அடியாள் வேலை பார்த்தவர்களுக்கு என்ன ஆனது? டெரெக் பூகார்டு 277 ஆட்டங்களில் போட்டது 3 கோல். அவரை அணியில் வைத்திருந்தது கோலுக்காக அல்ல, முஷ்டிக்காக. வலி மாத்திரைக்கு அடிமையாகி, 2011 மே மாதம், 28 வயதில், மாத்திரையும் மதுவும் கலந்ததால் இறந்தார். அவருடைய மூளையைப் பரிசோதித்தபோது, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிடிஇ என்ற சிதைவுநோய் தெரிந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, பாப் ப்ரோபர்ட் என்ற இன்னொரு புகழ்பெற்ற அடியாளின் மூளையிலும் அதே நோய் கண்டறியப்பட்டிருந்தது. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவில் நடந்த ஒரு சண்டையில் ஹெல்மெட் கழன்று, தலை பனியில் மோதிய டான் சாண்டர்சன் என்ற 21 வயது ஆட்டக்காரர் 2009 ஜனவரியில் இறந்தார். காவலுக்கு வைத்த ஆட்களுக்கு யார் காவல் என்ற கேள்விக்கு ஆதரவாளர்கள் தரும் பதில், அவர்கள் விரும்பித்தானே செய்தார்கள் என்பது. கோல் போடத் தெரியாதவனுக்கு அணியில் இடம்பிடிக்க அது ஒன்றுதான் வழி எனும்போது, விருப்பம் என்ற பேச்சு எனக்குக் கொச்சையாகப் படுகிறது.

சண்டை இல்லாவிட்டால் கூட்டம் வராது என்பார்கள். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் குத்தியவர் ஆட்டத்தை விட்டே போக வேண்டும். அங்கே அரங்குகள் காலியாகக் கிடக்கவில்லை. மாண்ட்ரியால் அடிதடிக்கு ஐந்து நாள் கழித்து அதே இரு நாடுகளும் அந்தத் தொடரின் இறுதிப் போட்டியை பாஸ்டனில் ஆடின. ஒரு குத்துகூட இல்லை. கூடுதல் நேரத்தில் கானர் மெக்டேவிட் போட்ட கோலால் கனடா 3-2 என வென்றது.

சண்டை தேவையில்லை என்பது அணி நிர்வாகங்களுக்கே புரிந்துவிட்டது. வேகம் கூடிய இன்றைய ஆட்டத்தில், ஆடத் தெரியாத அடியாளுக்கு ஓர் இடத்தை ஒதுக்கக் கட்டுப்படியாவதில்லை. 1980களில் ஆட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நடந்த சண்டைகள் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டன. அவை குறைந்தது அணிகள் கணக்குப் பார்த்ததால்; விதி மாறியதால் அல்ல. 2023இல் கியூபெக்கின் இளையோர் லீக் துணிந்து விதியை மாற்றியது: குத்தினால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றம். என்ஹெச்எல்லும் அந்த ஒரு வரியை எழுத வேண்டும். தள்ளிப்போட இனி அதனிடம் நல்ல காரணம் எதுவும் மிச்சமில்லை.