ஓந்தியும் பூசணியும்: பழங்கணக்கிற் செய்யுளும் கதையும்

திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கணக்கைப் பற்றிப் பேச்செழும்போது அறிஞர் இரு கட்சியாகப் பிரிதல் வழக்கம். எண்சுவடியை மனனஞ் செய்த முன்னோர் கடதாசியும் பென்சிலுமின்றி மனத்தளவிலேயே கணக்கிட்டனர், இக்காலத்து மாணாக்கனோ கைக்கருவியின்றி ஏழெட்டைப் பெருக்கவும் மாட்டான் என இரங்குவோர் ஒரு சாரார். கிளிப்பிள்ளைப் பாடமன்றிப் பிறிதொன்றும் ஆங்கு இருந்ததில்லை என எள்ளுவோர் மற்றொரு சாரார். எதிரெதிரே நிற்கும் இவ்விரு சாராரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். நினைவு என்பது ஒரே தன்மைத்து என்று கொள்வதே அவ்விடம். பழைய கணக்கு நூல்களைச் சற்றே பொறுமையுடன் நோக்குவார்க்கு இக்கொள்கை பொருந்தாமை புலனாகும். செய்யுள் காத்துவைத்த நினைவு வேறு. கதை காத்துவைத்த நினைவு வேறு. முன்னையது செய்முறையைக் காத்தது. பின்னையது செய்முறை பிறந்த நிலைமையைக் காத்தது. இவ்வேறுபாட்டை மறந்து பழமையைப் போற்றுதலும் தூற்றுதலும் ஒருங்கே வீண் முயற்சிகளாகும்.

திண்ணையில் நிகழ்ந்தது இன்னதென முதற்கண் தெளிதல் வேண்டும். முந்திரி எனும் 1/320, அரைக்காணி, காணி, அரைமா, மாகாணி, மா, அரைக்கால், கால், அரை எனப் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. முந்திரியையும் 320 கூறிட்டுக் கீழ்முந்திரி என்றனர். மணலில் விரலால் எழுதியும், சட்டாம்பிள்ளை சொல்ல ஏனையோர் ஒருமித்துச் சொல்லியும் இவை பயிலப்பட்டன. 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த அநாதைச் சிறுவர் விடுதியைப் பொறுப்பேற்ற அந்திரு பெல் என்பார், மணலில் எழுதும் வழக்கத்தை உள்ளூர்ப் பள்ளியொன்றிற் கண்டு மேற்கொண்டார். மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையொன்றை அமைத்து, 1797இல் இங்கிலாந்தில் அதனை நூலாக வெளியிட்டார். ஆங்கிலேயர் நாட்டிற் பின்பு பரவிய ‘சென்னை முறை’ அதுவே. கிளிப்பிள்ளைப் பாடம் என எள்ளுவோர் இச்செய்தியையும் உடன்வைத்து எண்ணுதல் நன்று.

எண்சுவடியின் எண்கள் வெற்றெண்களாக நின்றதும் அரிது. எட்டு நாழி ஒரு குறுணி, இரு குறுணி ஒரு பதக்கு, இரு பதக்கு ஒரு தூணி, முத்தூணி ஒரு கலம் என ஓதிய சிறுவன் அவ்வளவுகளை வீட்டு முற்றத்தில் நெல்லளக்கும்போது கண்ணாற் கண்டவன். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த வரலாற்றாய்வாளர் செந்தில்பாபு 2022இல் வெளியிட்ட ஆங்கில நூலில், திண்ணைப் பள்ளியின் நினைவுப் பயிற்சி வெறும் உருப்போடுதலன்று, அதுவே கற்கும் நெறி என வாதிடுகின்றார். அவ்வாதம் பெரிதும் ஏற்கத்தக்கதே. ஆயினும் எண்சுவடிக்குப் பொருந்துவது அச்சூழலில் வழங்கிய எல்லாச் செய்யுளுக்கும் பொருந்துமோ என வினவின், விடை அத்துணை எளிதாக அமையாது.

கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்திற் புகழ்பெற்றது பூசணிக்காயை வெட்டாமலே அதன் விதைகளை எண்ணும் வெண்பா. காயின் கீற்றுகளை எண்ணி அத்தொகையை மூன்றாற் பெருக்கி, ஆறாற் பெருக்கி, ஐந்தாற் பெருக்கி, வந்ததிற் பாதியைத் தள்ளி, எஞ்சியதை மூன்றால் வகுக்க விதைத்தொகை கிடைக்கும் என்பது அதன் கருத்து. மேடையில் இவ்வெண்பாவைச் சொல்லிக் கைதட்டல் பெறாத பேச்சாளர் சிலரே. கைதட்டியோரில் எத்துணைப் பேர் அக்கணக்கைச் செய்து பார்த்தனரோ! மூன்றாற் பெருக்கிய தொகையை மூன்றால் வகுப்பது பெருக்காமலே விடுதற்கு ஒப்பாகும். எஞ்சிய ஆறையும் ஐந்தையும் பெருக்கிப் பாதியாக்கின் 15 வரும். ஆகவே வெண்பா முழுவதும் கூறுவது, கீற்றின் தொகையைப் பதினைந்தாற் பெருக்குக என்பதே. பத்துக் கீற்றுடைய காயில் 150 விதை. மகரந்தம் எத்துணைச் சூல்களைச் சென்று சேர்ந்ததோ அத்துணைக்கேற்ப விதை முதிரும் என்பது தாவரவியல். கீற்றின் தொகை அதனைக் கட்டுப்படுத்துவதில்லை.

இதனாற் காரிநாயனார் பிழைபட்டார் என முடித்தலும் அவசரமே. ஒரே பெருக்கலால் முடியும் செயலை ஐந்து படிகளாக விரித்தது, பெருக்கல், பாதியாக்கல், வகுத்தல் ஆகிய மூன்றையும் ஒரே காயில் வைத்துச் சிறுவனைப் பழக்குதற்காக இருத்தல் கூடும். அவ்வாறாயின் வெண்பா ஒரு பயிற்சிக் கணக்கு. இயற்கை பற்றிய விதியன்று. குறை நூலில் இல்லை, பயிற்சியை விதியெனக் கொண்டாடும் பிற்காலத்தாரிடத்தே உள்ளது. பலாச்சுளை எண்ணும் வெண்பாவும் இத்தகையதே. காம்பைச் சூழ்ந்த சிறுமுள்ளை எண்ணி ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுக்க என்கிறது அது. முள்ளின் தொகை ஐந்தின் மடங்காக அமையாவிடத்துச் சுளை பின்னமாகும்.

அதே மரபில் வழங்கும் மற்றொரு விதியையும் நோக்குக. வட்டத்தின் பரிதியிற் பாதியை விட்டத்திற் பாதியாற் பெருக்கப் பரப்பளவு வரும் என்பது அது. இது தோராயமன்று, முற்றும் உண்மை. பூசணி விதியும் வட்ட விதியும் ஒரே யாப்பில், ஒரே குரலில், ஒரே உறுதியுடன் சொல்லப்படுகின்றன. செவிவழியே இரண்டையும் ஏற்ற மாணாக்கனுக்கு எது மெய், எது விளையாட்டு எனப் பிரித்தறிதற்கு அச்செய்யுள்களில் யாதோர் அடையாளமும் இல்லை. எதுகையும் மோனையும் இரண்டிற்கும் ஒத்த அழகையே தருகின்றன. செய்யுள் நினைவின் வலிமை இதுவே, குறையும் இதுவே.

வட்ட விதிக்குரிய காரணத்தைப் பிறிதோரிடத்திற் காணலாம். பாஸ்கரர் 1150இல் இயற்றிய லீலாவதிக்கு கணேச தைவஞ்ஞர் 1545இல் புத்திவிலாசினி என்னும் உரை எழுதினார். வட்டத்தை இரு பாதியாக அறுத்து, ஒவ்வொரு பாதியையும் மையத்திலிருந்து ஒடுங்கிய ஆரைச்சிறைகளாகக் கீறி, பரிதி நேராகுமாறு விரித்து, ஒன்றன் பற்களை மற்றதன் இடைவெளிகளிற் பொருத்தினால் நீள்சதுரம் ஒன்று அமையும் என அவர் விளக்குகின்றார். அதன் நீளம் பரிதியிற் பாதி, அகலம் ஆரை. இதை ஒருமுறை கண்டவன் விதியை மறந்தாலும் மீண்டும் ஆக்கிக்கொள்வான்.

லீலாவதியின் சிறப்பு அதன் வினாக்களிலும் உண்டு. வண்டுக் கூட்டத்தில் ஐந்திலொன்று கடம்பமலரையும், மூன்றிலொன்று சிலீந்திர மலரையும், அவ்விரண்டின் வேறுபாட்டைப் போல் மும்மடங்கு குடசமலரையும் நாட, எஞ்சிய ஒன்று வானில் அலைகின்றது. கூட்டம் 15 எனக் காண்பது எளிது. ஒன்பது முழத் தூணின்மேல் ஒரு மயில். தூணின் அடியிலுள்ள வளையை நோக்கி இருபத்தேழு முழத் தொலைவிலிருந்து ஒரு பாம்பு. இரண்டும் சமதூரஞ் சென்று சந்திக்கும் இடம் வளையிலிருந்து 12 முழம். இங்கே கதை அணியலங்காரமாக ஒட்டப்பட்டதன்று. மயில் சாய்வாகப் பறந்தது என்னும் காட்சியிலேயே செங்கோண முக்கோணி இருக்கின்றது. கதையை நினைத்தவன் வரிப்படத்தை நினைத்தவனாகின்றான்.

அந்நூலின் பெயரைச் சூழ்ந்து வழங்கும் கதையோ வேறு வகையினது. நாழிகை வட்டிலை எட்டிப் பார்த்த மகளின் அணியிலிருந்து முத்தொன்று வீழ்ந்து துளையை அடைக்க, மணமுகூர்த்தம் தவறியது என்பதும், அவளைத் தேற்றவே தந்தை நூலுக்கு அவள் பெயரைச் சூட்டினார் என்பதும் வகுப்பறைகளிற் பெருவழக்கு. அக்கதை வடமொழி மூலத்தில் இல்லை. அக்பர் அவைக்களத்துப் புலவர் பைசி 1587இற் செய்த பாரசீக மொழிபெயர்ப்பிற் காணப்படுவது. கதையெனச் சொல்லின் நன்று. வரலாறெனச் சொல்லுதல் தகாது.

செய்முறை நினைவு எவ்வளவு தூரஞ் செல்லும் என்பதற்கு 1825ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று சான்று. காலசங்கலித என்னும் நூலை அவ்வாண்டிற் சென்னையில் வெளியிட்ட ஜோன் வாறன், புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கொண்டு அவ்வாண்டு மே 31, யூன் 1 இடையிரவிற் குறித்த சந்திர கிரகணத்தைக் கணிப்பித்தார். அக்கணிதர் எழுதுகோல் எடுத்தாரல்லர். நிலத்திற் சோகிகளை வைத்து, மனத்திலிருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே கணித்தார். வானியற் கொள்கை எதனையும் அவர் அறிந்திருந்தாரல்லர் என்பது வாறனின் கூற்று. 1952இல் இக்கணிப்பை ஆராய்ந்த நொய்கபோயர், கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழையிருந்தது எனக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வெவ்வேறு நாழிகை காட்டும்போதெல்லாம் எழும் வழக்கினை அறிந்தோர்க்கு இம்மரபு புதிதன்று. சந்திரனுக்குரிய வாக்கியங்கள் 248. எழுத்துகளுக்கு எண்மதிப்பு வழங்கும் கடபயாதி முறையில் ஒவ்வொன்றும் பொருளுடைய சிறுதொடராக அமைந்து, ஒருநாட் சந்திரநிலையை உள்ளடக்கி நிற்கும்.

இந்நினைவு வியக்கத்தக்கது, ஐயமில்லை. எனினும் வாக்கியத்தில் நாளடைவிற் பிழை மிகுமாயின் அதனைத் திருத்தும் வழி அந்நினைவுக்குள் இல்லை. திருத்துவோன் கொள்கையறிந்தவனாதல் வேண்டும். கேரளத்தில் 1530ஐ அடுத்து ஜ்யேஷ்டதேவர் யுக்திபாஷையை மலையாள உரைநடையில், விதிகளுக்குரிய காரணங்களை விரித்து எழுதியமை இதனாற் பொருள்பெறுகின்றது. தமிழில் அத்தகைய உரைநடை தாழ்த்தே வந்தது. யாழ்ப்பாணத்துக் கரோல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதத்தைத் தமிழிற் தந்ததை ஈண்டு நினைத்தல் தகும். கணித உரைநடைக்கு இந்நாடு செய்த பணி அதற்குரிய புகழைப் பெறவில்லை.

அண்மைக் காலத்திற் போதாயனர் பெயரால் மிகுதியும் பரப்பப்படும் தமிழ்ச் செய்யுளொன்றை ஆராயாது இவ்விடயத்தை விடுதல் இயலாது. சுல்வசூத்திரம் இயற்றிய போதாயனர் வடமொழியில் எழுதியவர். அவரோடு இத்தமிழ்ச் செய்யுளை இணைத்தற்குச் சான்று காட்டுவாரைக் காணோம். செங்கோண முக்கோணியின் நெடும்பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளி, எஞ்சியதோடு குறும்பக்கத்திற் பாதியைக் கூட்டச் செம்பக்கம் வரும் என்கிறது அது. வர்க்கமூலம் வேண்டாத இவ்விதி பைதகரசின் தேற்றத்தை வென்றது எனப் பெருமை பேசுவோர் உளர். பக்கங்கள் 3, 4 ஆயின் விடை 5. 5, 12 ஆயின் 13. இரண்டுஞ் சரி. 8, 15 ஆயின் 17 வரவேண்டியவிடத்து 17.125 வரும். 7, 24 ஆயின் 25க்குப் பதில் 24.5. அட்சரகணிதத்தால் ஆராயின், இவ்விதி சரியாவது 3:4, 5:12 என்னும் இரு விகிதங்களுக்கே, பிற எதற்கும் அன்று எனப் பெறப்படும். இவ்விரு முக்கோணிகளையும் நன்கறிந்த ஒருவர், அவற்றிற்குப் பொருந்துமாறு ஒரு நேர்கோட்டு விதியை அமைத்தார் எனக் கொள்ளின் அவருடைய நுண்மதி விளங்கும். தச்சன் கைக்கு அது போதும். தேற்றத்தோடு அதனைப் போட்டிக்கு நிறுத்துவோரே அவரைச் சிறுமைப்படுத்துகின்றனர்.

இன்றைய வகுப்பறையும் இவ்வழுவிலிருந்து விலகியதன்று. சாதாரண தரப் பரீட்சைக்குச் சூத்திரங்களைச் சிறுதாளிற் தொகுத்து ஒப்பிக்கச் செய்யும் போதனை, எதுகையிழந்த கணக்கதிகாரமே. எண்சுவடிக்கிருந்த நெல்லும் நிலமும் அதற்கில்லை. வசனக் கணக்கு என்ற பெயரில் வருவனவற்றிலும் ஆட்பெயரை மாற்றின் வேறொன்றும் மாறுவதில்லை.

கணக்கதிகாரத்திலேயே இதற்கு மாற்றுண்டு. முப்பத்திரண்டு முழப் பனையில் ஓர் ஓந்தி நாடோறும் ஒரு சாண் ஏறி நான்கு விரல் இழிகின்றது. உச்சியை அடைவது எந்நாள்? முழம் 24 விரல், சாண் 12 விரல் ஆதலின் பனை 768 விரல். நாளொன்றுக்கு நிகர ஏற்றம் 8 விரல். வகுக்க 96 நாள். வழிவழி வந்த விடையும் அதுவே. உச்சியை எட்டியபின் ஓந்தி இழியவேண்டியதில்லையே என ஒரு மாணாக்கன் தடைசெய்வானாயின் அவனை அடக்குதல் கூடாது. 95 நாளில் ஏறியது 760 விரல், 96ஆம் நாட் காலையில் எஞ்சியது எட்டே விரல், அன்றே உச்சி. விடை மாறவில்லை. ஆயின் இழிவு நான்கு விரலன்று, எட்டு விரல் எனக் கொள்க. வகுத்தலை மட்டும் நினைவிற் கொண்டவன் 768ஐ நான்கால் வகுத்து 192 நாள் என்பான். பனையை நினைவிற் கொண்டவனோ 189 நாளில் 756 விரலும், மறுநாள் ஏறும் ஒரு சாணால் எஞ்சிய பன்னிரண்டும் தீர்ந்து, 190ஆம் நாள் ஓந்தி வட்டுக்குள் நுழைந்துவிட்டது என்பான்.