சொல் இழந்த வட்டம்

ஜென் துறவிகள் தூரிகையால் ஒரே வீச்சில் வரையும் வட்டத்துக்கு என்ஸோ என்று பெயர். இன்று அது யோகா வகுப்புகளின் சுவர்களிலும் மன அமைதிப் பயிலரங்குகளிலும் வந்து நிற்கிறது. இந்த வட்டத்தை வரையும் பயிற்சியை நான் மதிக்கிறேன். அதைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதியைத்தான் ஏற்க முடியவில்லை.

மதிப்பதற்குக் காரணம் மையும் தாளும். புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்த்துச் செய்த மைக்கட்டியைக் கல்லில் நீர் விட்டு நிதானமாக உரைக்க வேண்டும். வாஷி என்ற ஜப்பானியத் தாள் மையைத் தொட்டவுடன் குடித்துவிடும். தூரிகை கொஞ்சம் நின்றால் அங்கே மை ஊறிப் பரவும். வேகமெடுத்தால் மயிர்கள் பிரிந்து கோட்டுக்குள் வெண்கீற்றுகள் ஓடும். அழிக்கவும் முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது. கை தயங்கிய இடம் தாளில் அப்படியே இருக்கும். திருத்த வழியில்லை என்று தெரிந்ததும் வரைபவரின் கவனம் தானாகக் கூர்மையாகிறது. இதற்கு நம்பிக்கை எதுவும் தேவையில்லை. யார் வரைந்தாலும் நடக்கும்.

ஆனால் வட்டத்தைப் பார்த்தே வரைந்தவரின் ஞானத்தை அளந்துவிடலாம் என்கிறார்களே, அது எப்படி? ஜென் ஆசான் ஹகுயினின் சீடர் டோரெய் என்ஜி (1721–1792) வரைந்த தடித்த வட்டங்கள் பார்ப்பவரை நிறுத்திவைக்கும். அவர் பெயர் தெரியாமல் பார்த்தால் நமக்குத் தெரிவது பழகிய கையின் உறுதி மட்டுமே. அந்த உறுதி நல்ல எழுத்தோவியர் எவருக்கும் வாய்க்கும்; கை நடுங்கும் முதிய ஞானிக்கு வாய்க்காமலும் போகலாம். ஓவியரின் வாழ்க்கையைப் படித்துவிட்டு, படித்ததைக் கோட்டில் கண்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மரபில் வட்டம் பெரும்பாலும் தனியாக நிற்பதில்லை. பக்கத்திலேயே எழுத்து இருக்கும். ஹகாதாவின் ஷோஃபுகுஜி மடத்தில் தலைமைத் துறவியாக இருந்த சென்காய் (1750–1837) ஒரு வட்டத்தை வரைந்து, இதைத் தின்றுவிட்டுத் தேநீர் குடியுங்கள் என்ற பொருளில் அருகே எழுதினார். சூனியம், முழுமை என்று கைகூப்பப் போனவர் முன்னால் அது தின்பண்டமாகிவிடுகிறது. சின்னத்தைப் பற்றிக்கொள்ளும் மனத்திடமிருந்து சின்னத்தையே பிடுங்கிவிடுகிற கடுமையான போதனை இது. அந்த எழுத்தை வெட்டிவிட்டு வட்டத்தை மட்டும் மாட்டினால், வைத்த பொருளுக்கெல்லாம் அது இணங்கும். 1996-இல் தொடங்கப்பட்ட லூசென்ட் டெக்னாலஜிஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குக்கூட ஒரு சிவப்புத் தூரிகை வட்டம் முத்திரையாகப் பொருந்திவிட்டது.

பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சீனத் துறவி குவோஅன் அமைத்த, ஞானப் பாதையை எருதைத் தேடுவதாகக் காட்டும் பத்துப் படங்களிலும் வெற்று வட்டம் எட்டாவதுதான். ஒன்பதாவதில் இயற்கை திரும்பி வருகிறது. பத்தாவதில் தேடியவர் சந்தைக்குள் இறங்கி மனிதர்களோடு கலக்கிறார். இன்றைய பயிலரங்குகள் எட்டாம் படத்தோடு நின்றுவிடுகின்றன. எப்படி வரைந்தாலும் அழகுதான், குறையே நிறைவு என்று அங்கே சொல்லப்படுவது முதல் நாள் வந்தவரின் பயத்தைப் போக்கும். அந்த உதவி சிறியதல்ல. ஆனால் மடத்தில் சீடனின் வட்டத்தைப் பார்க்க ஓர் ஆசிரியர் இருந்தார், அவர் மறுக்கவும் செய்வார். மறுக்க ஆளில்லாத இடத்தில் பத்தாவது வாரத்து வட்டமும் முதல் வாரத்து வட்டத்துக்குச் சமமான பாராட்டையே பெறுகிறது. வரைந்து முடித்ததும் பக்கத்தில் சொந்தமாக ஒரு வரி எழுதச் சொல்லி, அதை இன்னொருவர் படித்துக் கேள்வி கேட்கும்படி வைத்தால் இந்தப் பயிற்சிக்குப் பழைய பலத்தில் கொஞ்சமாவது திரும்பும் என்று நம்புகிறேன்.