கேட்பாரற்ற முகங்கள்

பழைய போட்டோக்களை வைத்துக் கலை செய்வது இன்று ஒரு மோஸ்தராகவே ஆகிவிட்டது. எடைக்கடையில் அகப்பட்ட குடும்ப ஆல்பம், மூடிப்போன ஸ்டூடியோவின் நெகடிவ் பெட்டி, ஆவணக் கிடங்கின் கோப்பு – எதையாவது எடுத்துப் பெரிதாக்கி, முகத்தைச் சுரண்டி, அல்லது மேலே சிவப்பு நூல் ஓட்டிச் சுவரில் மாட்டினால் அதற்கு ‘நினைவு’ என்று பெயர். அரித்த விளிம்பும் பூஞ்சை பிடித்த மூலையும் பார்ப்பவனிடம் ஒரு சோகத்தைச் சுலபத்தில் கிளப்பிவிடும். அந்தச் சோகம் காலத்தின் கைங்கரியம். இராமபாணப் பூச்சி செய்த வேலைக்குக் கலைஞன் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறான்.

தென்பெண்ணைக் கரையில் மணலூர்பேட்டையில் ஒரு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தை இதற்கு எதிரே வைத்துப் பார்க்கலாம். கணவன், மனைவி, இருவரும் சேர்ந்து காமிரா முன் நின்றதேயில்லை. அவன் முகம் ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. கழுத்துக்குக் கீழே இருப்பது வேறொருவன் கோட்டு. அவள் படம், அவன் இறந்து பல வருஷங்கள் கழித்து எடுத்தது; அதனால் மனைவி கணவனைவிட மூத்தவளாகத் தெரிகிறாள். அவன்மேல் வெளிச்சம் இடமிருந்து விழுகிறது, அவள்மேல் வலமிருந்து. காலர் ஓரத்து ஒட்டுத் தெரியாமலிருக்கக் கறுப்பு மையைச் சற்றுத் தாராளமாகவே தீட்டியிருக்கிறார்கள். கண்ணாடிமேல் இரண்டு நெற்றிகளுக்கும் நேராகக் குங்குமப் பொட்டு.

இது அபூர்வமான படம் அல்ல. தமிழ்நாட்டுச் சிறு நகரத்து ஸ்டூடியோக்களில் டச்சிங் செய்பவர்கள் வழக்கமாகச் செய்த வேலைதான். நவீன விமர்சனம் மேற்கத்தியக் கலைஞர்களிடம் கண்டு வியக்கும் உத்திகள் எல்லாம் இதில் இருக்கின்றன: பிறர் எடுத்த படத்தை எடுத்தாளுவது, வெட்டி ஒட்டுவது, காலங்களைக் குழப்புவது. ஒரு வித்யாசம் உண்டு. இங்கே ஒருத்தி கடைக்குள் வந்து, ‘அவரோட என்னைச் சேத்து வெச்சுக் குடுங்க’ என்று கேட்டாள். அந்த ஒட்டுக்குக் காரணம் அவள் கேட்டது. காலரிச் சுவரில் தொங்கும் முகத்துக்கு அப்படிக் கேட்பார் யாருமில்லை. ‘கண்டெடுத்த’ போட்டோ என்பதன் பொருளே அதுதான். மாலை போட ஆளில்லாமல் போன படம்.

எப்படி ஆளில்லாமல் போகிறது என்பதும் சாதாரண விஷயமே. டிஜிட்டல் வந்ததும் ஸ்டூடியோக்கள் மூடின. பிலிமில் வெள்ளி இருக்கிறது. நெகடிவ்கள் எடைக்குப் போயின. கண்ணாடி நெகடிவைக் கழுவினால் பிரேம் போட நல்ல கண்ணாடி. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி முன்னின்று நடத்திய ‘ஸ்டார்ஸ்’ திட்டம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், இப்படி அழிவதற்குமுன் தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேகரித்துப் பிரதி எடுத்தது. ஆவணக்காரர்கள் படத்தைப் பாதுகாக்கிறார்கள். துக்கம் தங்களுடையது என்று சொல்லிக்கொள்வதில்லை. கலைஞன் சொல்லிக்கொள்கிறான். அதற்கு அவனுக்கு என்ன பாத்யதை என்பதுதான் என் கேள்வி.

விவான் சுந்தரத்துக்கு (1943–2023) பாத்யதை ரத்தத்தில் இருந்தது. அம்ருதா ஷெர்கில் அவருக்குப் பெரியம்மா. போட்டோக்களை எடுத்த உம்ராவ் சிங் தாத்தா. 2001–02இல் அந்தப் படங்களைக் கணினியில் இணைத்து ‘ரீ-டேக் ஆஃப் அம்ருதா’ வரிசையைச் செய்தார். வெவ்வேறு வருஷங்களும் ஊர்களும் ஒரே அறைக்குள், ஒரே கண்ணாடிக்குள் வந்துவிடுகின்றன. அழகான படங்கள். ஆனால் ஒட்டே தெரியவில்லை. கணினி அவ்வளவு சுத்தமாகச் சேர்த்துவிடுகிறது. 1941இல் இருபத்தெட்டு வயதில் செத்துப்போனவள் சாகவேயில்லை என்பதுபோல. மணலூர்பேட்டைக் கறுப்பு மை மறைக்க முயன்று தோற்றதில் இருக்கும் உண்மை இந்த வழவழப்பில் இல்லை.

பிரெஞ்சுக் கலைஞர் போல்தான்ஸ்கி வேறு துருவம். வியன்னாவில் ஒரு யூதப் பள்ளியின் 1931ஆம் வருஷ வகுப்புப் படத்திலிருந்து முகங்களைத் தனித்தனியே எடுத்து, கண் குழியாகும்வரை பெரிதாக்கி, மேலே விளக்கு மாட்டினார். அந்த மாணவர்களின் கதி பிறகு என்னவாகியிருக்கும் என்று பார்ப்பவனுக்குத் தெரியும். தெரிந்ததையே நம்பி வேலை ஓடுகிறது. விளக்கு கொஞ்சம் அதிகம்.

பெங்களூர் புஷ்பமாலாவிடம் விஷயம் சிக்கலாகிறது. 2000–2004இல் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து அவர் செய்த ‘நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா’ வரிசையில், கிடைத்த படத்தை அவர் வெட்டவில்லை; அதற்குள் தானே போய் நின்றார். ரவிவர்மா ஓவியம், வேளாங்கண்ணி மாதா, 1970களின் தமிழ்ப்பட ஸ்டில் – எல்லாவற்றிலும் அவர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு வெள்ளைக்கார மானிடவியல் படத்தின் பாணியில் கட்டம்போட்ட திரைமுன் தோடப் பெண்ணாக நிற்பதுதான் உச்சம். மதராஸ் மியூசியத்தில் 1885 முதல் 1908 வரை சூப்பிரண்டாக இருந்த தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்த காலம் அது. 1909இல் ஏழு தொகுதியாக வந்த அவர் நூலில் ஜாதிகளும் மலைவாசிகளும் அகராதி வரிசையில் நிற்கிறார்கள். இங்கே மேற்கே எழும் கல்வராயன் மலையின் மலையாளிகளுக்கும் அதில் இடமுண்டு. அளக்கப்பட்டவர்களை யாரும் சம்மதம் கேட்டதில்லை. புஷ்பமாலா அந்தக் கட்டத்தின்முன் தன் உடம்பை நிறுத்துவதால் கடனில் ஒரு பங்காவது திரும்புகிறது.

இதே வரிசையில் இன்னொன்று: 2001ஆம் வருஷத்துப் பத்திரிகைப் படமொன்றிலிருந்து இரண்டு பெண் ‘குற்றவாளிகள்’. இதை என்னால் ஏற்க முடியவில்லை. மாதாவும் ரவிவர்மாவின் பெண்ணும் பிம்பங்கள். தோடப் பெண்ணோ காலத்தால் எட்டாதவள். இந்த இருவர் படம் எடுத்தபோது உயிரோடு, எங்கோ ஒரு தெருவில் வீடும் பெயரும் உள்ளவர்கள். வேஷம் கட்டியவர் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவர்களுக்குப் பத்திரிகை கொடுத்த முகம் கலையாது. கிண்டல் போலீஸையும் பத்திரிகையையும் நோக்கியது என்பார்கள். இருக்கலாம். ஆனாலும் அவர்கள் இரண்டாம் தடவையாகக் கேட்கப்படாமல் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

கேட்டவர் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்து சனாதனன். போரில் வீடிழந்த வடக்குத் தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் போய், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். ஓடும்போது நிலத்தின் உறுதியையே எடுக்க முடியாதவர்களிடம் ஆல்பம் எங்கே இருக்கும்? அவர்கள் கோணல்மாணலாகப் போட்ட தரைப்படங்களைக் கட்டடக் கலையின் சுத்தமான கோடுகளில் மறுபடி வரைவித்து, பக்கத்தில் தன் சித்திரத்தையும் வைத்து, 2011இல் ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’ என்று புத்தகமாக்கினார். தோம்பு என்றால் பறங்கியரும் ஒல்லாந்தரும் வைத்திருந்த நிலப் பதிவேடு. கண்டெடுக்க ஒரு போட்டோவும் மிஞ்சாத இடத்தில் பிறந்த இந்தப் புத்தகத்தைத்தான் இந்த வகைக் கலையில் நான் முதலாவதாக வைப்பேன். அறைகளின் அளவுகள் அதில் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை; சனாதனன் அவற்றைப் பொருத்த முயலவுமில்லை.