ஓசுவின் பூச்சாடியும் மூன்று திறனாய்வு நூல்களும்

யசுஜிரோ ஓசுவின் ‘லேட் ஸ்பிரிங்’ (1949) திரைப்படத்தில், கியோத்தோ விடுதியில் உறங்கும் தந்தையின் அருகே படுத்திருக்கும் நோரிகோ புன்னகைக்கிறாள். பூச்சாடியொன்று காட்டப்பெறுகிறது. மறுபடி காணும்போது அவள் கண்கள் கலங்கியுள்ளன, மீண்டும் பூச்சாடி. பால் ஷ்ரேடர் (1972) இதனை ஜென் மரபுசார்ந்த கடந்தநிலை அழகியலுக்குச் சான்றாக்கினார். டொனால்ட் ரிச்சிக்கு (1974) அச்சாடி பார்வையாளரின் உணர்ச்சியை ஏற்கும் கலம். இவ்வாசிப்புகளில் சாடி பெரிதாகிறது. மணமாகித் தந்தையைப் பிரியவிருக்கும் மகளோ சிறுத்துப்போகிறாள். ஷிகெஹிகோ ஹசுமியின் நூல் (1983) ‘ஜப்பானியத் தன்மை’ என்னும் முன்முடிவையே மறுக்கிறது. ஓசுவின் படங்களில் மழை அரிது; வெயில் தெளிந்த அவ்வானம் ஜப்பானியப் பருவங்களுக்குரியதன்று என்பது அவர் வாதம். திரையில் உள்ளதிலிருந்தே தொடங்குவதால் அவரணுகுமுறை வலுவுடையது. அவ்வாறு நோக்கின், சாடிக்குப் பின்னுள்ள காகிதச் சாளரத்தில் விழும் இலைநிழலும் கணக்கில் வரவேண்டும். சாடியின்மீது மட்டும் பொருளேற்றும் வாசிப்பில் அதற்கு இடமில்லை.