அபவாதமும் ஆன்ம அமைதியும்: ‘கமலாம்பாள் சரித்திரம்’ பற்றி ஒரு மதிப்பீடு

திண்டுக்கல்லிலிருந்து தென்மேற்காகக் கொடைக்கானல் மலையடிவாரத்தை நோக்கிச் செல்வோர் வத்தலக்குண்டைக் கடந்தே செல்வர். மலைக்கு ஏறும் வழியில் ஓர் ஊர் என்று மட்டும் அதனைக் கருதிவிடலாகாது. பி. எஸ். ராமையாவும் சி. சு. செல்லப்பாவும் அவ்வூரின் மக்கள். அவ்விருவருக்கும் முன்னரே, 1872ஆம் ஆண்டு, அங்கே பிறந்தவர் பி. ஆர். ராஜமய்யர். இருபத்தாறே ஆண்டுகள் வாழ்ந்து 1898இல் மறைந்த அவ்விளைஞர் தமிழுக்கு ஒரே ஒரு நாவலைத் தந்தார். 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வெளிவந்த ‘கமலாம்பாள் சரித்திரம்’ அது. தமிழ் நாவலின் வரலாற்றைப் பேசுவோர் எவரும் அதனை ஒதுக்கிவிட்டுப் பேச இயலாது.

அந்தணக் குடும்பம் ஒன்றின் கதையை, வேதாந்தத்தில் தோய்ந்த ஒருவர் எழுதிய நூலை, முஸ்லிம் இல்லங்களில் எதற்காகப் படிக்கவேண்டும் என்று ஒருவர் வினவலாம். அந்நூலுக்கு ஆசிரியர் முதலில் சூட்டிய பெயரே அதற்கு விடை பகரும். ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்பது அதன் முழுப்பெயர். அபவாதம் என்றால் அவதூறு, வீண்பழி. அவதூறு நுழையாத மஹல்லா உண்டா? அதன் நிழல் விழாத குடும்பம் உண்டா? மனிதன் தன்னைப்பற்றிக் கொண்டிருக்கும் மதிப்பு எங்கிருந்து வருகிறது, ஊரார் நாவிலிருந்தா, தன் நெஞ்சிலிருந்தா, தன்னைப் படைத்தவனிடமிருந்தா என்னும் கேள்வியே இந்நாவலின் உயிர்நாடி. அக்கேள்வி எல்லா மதத்தாருக்கும் உரியது.

கதை மதுரை ஜில்லாவில் சிறுகுளம் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. முத்துஸ்வாமி ஐயர் ஊரில் பெரிய மனிதர். செல்வமும் செல்வாக்கும் உடையவர். மகள் லக்ஷ்மியின் திருமணத்தைப்பற்றி அவரும் மனைவி கமலாம்பாளும் கேலியும் பரிவுமாகப் பேசிக்கொள்ளும் தொடக்கப் பகுதியைப் படிப்போர், தமிழில் இல்லறம் இவ்வளவு உயிர்ப்போடு எழுதப்பட்டது இதுவே முதன்முறை என்று உணர்வர். ஊர்ப் பெண்கள் கூடிப் பிறர் வீட்டுச் செய்திகளை அலசும் கூட்டத்துக்கு ‘வம்பர் மகாசபை’ என்று பெயரிட்டு ஆசிரியர் நம்மைச் சிரிக்கவைக்கிறார். ஆனால் அந்தச் சிரிப்பிலேயே நஞ்சின் விதையும் கிடக்கிறது. தம்பி மனைவி பொன்னம்மாளின் பொறாமை சகோதரர்களைப் பிரிக்கிறது. குழந்தை காணாமற்போகிறது. செல்வம் கரைகிறது. முடிவில் கமலாம்பாளின் கற்பின் மீதே பழி விழுகிறது. கேட்ட சொல்லை நம்பி, உள்ளம் உடைந்து, இல்லறத்தை விட்டு விலகுகிறார் முத்துஸ்வாமி ஐயர். சச்சிதானந்த சுவாமிகள் என்னும் ஞானியின் நிழலில் அவர் அமைதி காண்கிறார்.

நாவலின் முற்பகுதியை வானளாவப் புகழும் திறனாய்வாளர் பலர், பிற்பகுதி கதையின் மண்ணை விட்டுத் தத்துவ வானத்தில் பறந்துவிட்டது எனக் குறை கூறுவது வழக்கம். கதை சொல்வது மட்டும் தம் நோக்கமன்று, உலகில் உழன்று தவித்த ஆன்மா ஒன்று பல துன்பங்களைக் கடந்து தூய அமைதி அடைந்ததைக் காட்டுவதே தம் கருத்து என ஆசிரியரே முடிவுரையில் விளக்கியிருக்கிறார். நாவல் முடிந்த மறு ஆண்டே, 1896இல், சென்னையில் தொடங்கப்பெற்ற ‘பிரபுத்த பாரதா’ என்னும் ஆங்கில இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, இறக்கும்வரை வேதாந்தக் கட்டுரைகளையே எழுதியவர் அவர். ஆதலின், முத்துஸ்வாமி ஐயரின் தேடலில் ராஜமய்யரின் சொந்தத் தேடலும் கலந்திருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை. தத்துவம் நுழைந்ததைக் குறையாகச் சொல்வதை நாம் ஏற்கவில்லை. நம்முடைய கேள்வி வேறு. அந்த அமைதி யாருக்குக் கிடைத்தது? அதற்கு என்ன விலை தரப்பட்டது? விலை தந்தவர் யார்?

முத்துஸ்வாமி ஐயர் நல்லவர், ஈகையுள்ளவர். எனினும் அவருடைய தன்மதிப்பு முழுவதும் ஊரார் பார்வை என்னும் ஒற்றைத் தூணின் மேல் நின்றது. ஊர் வணங்கியபோது அவர் உயர்ந்தார்; ஊர் நகைத்தபோது நொறுங்கினார். இந்த நொறுங்குதலை ராஜமய்யர் எழுதியிருக்கும் முறை வியக்கத்தக்கது. அவர் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. பழி சுமத்தப்பட்டவள் கமலாம்பாள். ஆன்ம விசாரத்துக்கு ஏடு ஏடாக இடம் கிடைப்பது அவள் கணவனுக்கு. குற்றமற்ற பெண்ணின் உள்ளத்தில் அப்போது என்ன நிகழ்ந்தது, அவள் தன்னை எதைக்கொண்டு தாங்கிக்கொண்டாள், அவளுக்கு உரிய நீதி என்ன என்னும் கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. நூலின் பெயரைத் தாங்கியவள், நூலின் கனத்தைத் தாங்க அனுமதிக்கப்படவில்லை.

இவ்விடத்தில் இஸ்லாமிய வரலாற்றின் நிகழ்ச்சி ஒன்று நம் நினைவுக்கு வராமற் போகாது. பனூ முஸ்தலிக் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், காணாமற்போன கழுத்தணியைத் தேடிச் சென்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பயணக் கூட்டத்தைத் தவறவிட்டார்கள். பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் அன்னையாரை ஒட்டகத்தில் ஏற்றி அழைத்துவந்தார்கள். நயவஞ்சகரின் நாவுகளுக்கு அது போதுமானதாயிற்று. ஏறத்தாழ ஒரு திங்கள் மதீனா நகரமே அப்பேச்சில் உழன்றது. அன்னையார் இரவும் பகலும் அழுதார்கள். ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நேரில் வந்து கேட்டபோது அந்தக் கண்ணீர் நின்றது. பெற்றோர் மறுமொழி அறியாது திகைத்திருக்க, வயதில் இளையவரான அன்னையாரே பேசினார்கள். தாம் தூய்மையானவர் என்பதை இறைவன் அறிவான். யூசுஃப் நபியின் தந்தை கைக்கொண்ட அழகிய பொறுமையே தமக்கும் வழி. இந்தக் கருத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

பின்னாளில் அன்னையார் கூறியதாக நபிமொழித் தொகுப்புகள் அறிவிக்கும் இரு செய்திகள் சிந்திக்கத்தக்கவை. தம் பொருட்டு ஓதப்படும் இறைவசனம் இறங்கும் அளவுக்குத் தாம் பெரியவர் என அவர்கள் எண்ணியதே இல்லையாம். ஆயினும் வசனம் இறங்கியபின், எழுந்து சென்று நபிகளாருக்கு நன்றி கூறு எனத் தாயார் சொன்னபோது, இறைவனுக்கன்றி வேறெவருக்கும் நன்றி சொல்லமாட்டேன் என்று மறுத்துவிட்டார்கள். இறைவன் முன்னே தம்மை மிகச் சிறியவராக எண்ணிய உள்ளமே மனிதர் முன்னே இத்தனை நிமிர்ந்து நின்றது. தன்மதிப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறு உண்டோ? ஊராரிடமிருந்து பெற்றதை ஊரார் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். இறைவனுக்கும் அடியானுக்கும் இடையே உள்ள கணக்கில் எவரும் கைவைக்க முடியாது.

அந்நூர் அத்தியாயம் தனி மனித ஆறுதலோடு நின்றுவிடவில்லை. பழி சுமத்துவோன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவரவேண்டும். தவறினால் எண்பது கசையடி. அதன்பின் அவன் சாட்சியம் செல்லாது எனச் சட்டம் விதித்தது. செய்தி காதில் விழுந்தபோதே நல்லெண்ணம் கொண்டிருக்கலாகாதா எனக் கேட்டவர்களையும் கண்டித்தது. நீங்கள் இலேசாக நினைத்தது இறைவனிடம் மிகப் பெரிது என எச்சரித்தது. அதே நேரத்தில், அவதூறில் கலந்துகொண்ட உறவினர் மிஸ்தஹுக்குத் தந்துவந்த உதவியை நிறுத்திவிடுவதாகச் சத்தியம் செய்த அபூபக்கர் (ரலி) அவர்களை மன்னிக்குமாறு ஏவி, அவ்வுதவியைத் தொடரவும் செய்தது. பழிக்கு ஆளானவளுக்கு நீதி, பழித்தவனுக்குத் தண்டனை, திருந்துவோனுக்கு மன்னிப்பு, கேட்டுக்கொண்டிருந்த ஊருக்குப் பாடம் ஆகிய நான்கும் அங்கே ஒருங்கே அமைந்தன.

வேதாந்த நோக்கில் இதற்கு ஒரு மறுப்புக் கூறலாம். மானமும் அவமானமும் மாயையே. அவற்றைக் கடந்தவனே ஞானி. எனவே முத்துஸ்வாமி ஐயர் ஊர்ப்பேச்சைக் கடந்ததே வெற்றி என்பர். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. நம் சூஃபி ஞானியரும் புகழையும் இகழையும் ஒன்றெனக் கண்டவர்களே. குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் செல்வத்தையும் சுற்றத்தையும் உதறிக் காட்டிலும் மலையிலும் தவமிருந்த வரலாற்றை நாம் போற்றுகிறோம் அன்றோ? ஆனால் இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. தன் மானத்தை ஒருவன் துறக்கலாம். பிறர் மானத்தைத் துறந்துவிட அவனுக்கு உரிமையில்லை. கமலாம்பாளின் பெயர் அவள் கணவனின் உடைமையன்று, அவர் ஞானம் பெற்றவுடன் மாயையெனக் கழித்துவிடுவதற்கு. அடியார்க்கு அடியார் செய்யவேண்டிய கடமைகளைத் தீர்க்காதவரை ஆன்மாவின் கணக்கு முடிவதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ நாற்பது நூல்களைக் கொண்டது. அதில் தன்னைத் தானே கண்காணித்துக் கணக்குக் கேட்கும் ‘முஹாஸபா’ 38ஆவது நூலில் பேசப்படுகிறது. நாவினால் விளையும் தீமைகளோ அதற்கு வெகுமுன்னரே, 24ஆவது நூலிலேயே வந்துவிடுகின்றன. இவ்வரிசையில் ஒரு பாடம் இருப்பதாகத் தோன்றுகிறது. நாவைக் காக்காதவன் நெஞ்சை ஆராய்வதில் பொருளில்லை. தொழுகையும் தியானமும், வீடும் வாணிபமும், பேச்சும் மௌனமும் ஒரே வாழ்வின் உறுப்புகள். ஒன்றை அறுத்தெடுத்து மற்றொன்றில் அமைதி தேடினால், அந்த அமைதி முழுமையாகாது.

இத்தனை சொல்லியும் ராஜமய்யரின் நூல் சிறுமையுறாது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில், வம்பினால் ஒரு குடும்பம் சிதைவதை இவ்வளவு துல்லியமாகக் கண்ட கண் அரிது. அவர் தந்த விடை நமக்குப் போதாமல் இருக்கலாம். எழுப்பிய கேள்வி நம்மை விடாது. அவர் கண்ட வம்பர் மகாசபை இன்றும் கலையவில்லை. ஆற்றங்கரையை விட்டுக் கைப்பேசிக்குள் குடிபுகுந்திருக்கிறது; ஆண்களும் அதில் உறுப்பினராகிவிட்டனர். ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்கும் செய்தி மக்ரிபுக்குப் புறப்பட்டால் இஷாவுக்குள் நூறு வீடுகளைச் சுற்றிவிடுகிறது. அதனை அனுப்பிய கையே தஸ்பீஹ் மணியையும் உருட்டுகிறது.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்றது. 2019ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிறர் பொருளைக் காக்கும் பூட்டை இம்மண்ணின் கைவினைஞர் செய்துவிட்டனர். பிறர் மானத்தைக் காக்கும் பூட்டை ஒவ்வொருவரும் தம் நாவுக்குத் தாமே செய்துகொள்ளவேண்டும். இறைவனையும் இறுதிநாளையும் நம்புபவர் நல்லதைப் பேசட்டும், இல்லையேல் வாய்மூடி இருக்கட்டும் என்ற கருத்தில் அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். ‘கமலாம்பாள் சரித்திர’த்தைப் படிக்கும் அன்பர்கள், குறிப்பாக வீட்டில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிப்போர், முத்துஸ்வாமி ஐயரோடு சேர்ந்து அமைதி தேடுவதோடு நின்றுவிடவேண்டாம். கமலாம்பாளின் பக்கத்திலும் சற்றே அமர்ந்து, அவளுக்கு ஊர் பட்ட கடன் என்ன என்று கேட்கட்டும். அக்கேள்வியை நம் தெருவுக்கும் நம் வீட்டுக்கும் கொண்டுவருவதே இந்நூலைப் படித்ததன் பயன்.