பின்புறம் யாருக்கு?
அஃபர்வத் மலையும் பனிச் சொல்லாடலும்

பனிச்சறுக்குக்காரர்கள் மத்தியில் புழங்கும் ஒரு சொல் ‘பேக்கன்ட்ரி’. கயிறு கட்டி எல்லை வகுத்து, ஆள் போட்டுக் கண்காணிக்கும் சறுக்குதளத்துக்கு வெளியே கிடக்கும் மலை முழுவதற்கும் அதுதான் பெயர். தமிழில் சொல்லிப் பார்த்தால் கொல்லைப்புறம் என்று வரும். சொன்ன மாத்திரத்தில் கேள்வியும் வந்துவிடுகிறது: யாருடைய முன்புறத்துக்கு இது கொல்லைப்புறம்? காஷ்மீரில், பாராமுல்லா மாவட்டத்தில், குல்மார்க்குக்கு மேலே நிற்கிற அஃபர்வத் மலையை முன்வைத்து இதைப் பேசலாம். இங்கே சறுக்குபவர்களின் பத்திரிகைகளும் படங்களும் விளம்பரத் தாள்களும் ஒரு பிரதியைத் திரும்பத் திரும்ப எழுதிவருகின்றன. அந்தப் பிரதியைத்தான் நான் வாசிக்கிறேன். எனக்குச் சறுக்கத் தெரியாது. சறுக்குகிறவர்கள் எழுதுவதை வாசிக்கத் தெரியும்.

அந்தப் பிரதியின் மையச் சொல் ‘தீண்டப்படாத பனி’. தமிழில் இதை எழுதும்போது பேனா நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் அது வெறும் புகழ்ச்சி. நம் மொழியில் அப்படி வழுக்கிக்கொண்டு போக அதற்கு வழியில்லை. தீண்டாமையைக் கட்டிக் காத்த அதே தூய்மைக் கருத்துதான் வெள்ளைச் சரிவைப் பார்த்தும் கிறங்கி நிற்கிறது. முன்னதில் சில உடல்கள் தொடக்கூடாது என்று விலக்கப்பட்டன. பின்னதில் முதலில் தொடும் உரிமை விலைக்கு வருகிறது. ‘கன்னிப் பனி’ என்ற இன்னொரு பிரயோகமும் உண்டு. அதைப் பற்றிப் பெண்ணிய வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, யாரும் தொடாத மலையா இது? 1927இல் ஆங்கிலேயர்கள் குல்மார்க்கில் ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார்கள். 1948இல் இந்திய ராணுவம் தன் சறுக்குப் பள்ளியை இங்கேதான் அமைத்தது. உயர்மலைப் போர்ப்பள்ளியாகப் பின்னாளில் வளர்ந்தது அதுவே. கொண்டோலா என்று அழைக்கப்படும் கம்பிவட ஊர்தியின் கட்டுமானம் 1980களின் கடைசியில் தொடங்கியது. 1990இல் துப்பாக்கிச் சத்தத்தில் நின்றுபோனது. முதல் கட்டம் 1998இலும் இரண்டாம் கட்டம் 2005இலும் திறக்கப்பட்டன. குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டரில் இருக்கிறது. மேல் நிலையம் 3,900 மீட்டருக்கும் மேலே. இடையிலுள்ள உயரத்தை டிக்கெட் வாங்கிக் கடந்துவிடலாம். காலனிய மன்றம், ராணுவம், அரசாங்கக் கம்பிவடம் என்ற மூன்று தடங்களின் மீது ஏறி நின்றுகொண்டுதான் ‘தடமே இல்லை’ என்று வியக்கிறார்கள்.

ரோலண்ட் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ நூலில் ‘நீல வழிகாட்டி’ என்ற பயணக் கையேட்டைப் பற்றி ஒரு சிறு கட்டுரை உண்டு. மேடு பள்ளமாக இருந்தால்தான் அந்தக் கையேட்டுக்கு நிலக்காட்சி கண்ணில் படுகிறது என்றும், அங்கே வாழும் மனிதர்கள் காணாமல் போய்விடுகிறார்கள் என்றும் அவர் காட்டுவார். அஃபர்வத் பற்றிய பிரதிகளுக்கு அதை அப்படியே பொருத்தலாம். ஷார்க்ஸ் ஃபின், மங்கி ஹில் என்று சரிவுகளுக்குப் பெயர் வைத்தாயிற்று. வாழும் மனிதர்கள் புன்னகையோடு தேநீர் கொடுக்கும் இடத்தில் மட்டும் தலைகாட்டுகிறார்கள். மலையில் பெயர் பொறிப்பது நமக்கும் புதிதில்லை. சேரன் இமயத்தில் வில்லைப் பொறித்தான் என்று பெருமை பேசிய மரபு நம்முடையது.

தமிழ்க் கண்ணின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1992இல் ‘ரோஜா’ நமக்குக் காஷ்மீரைக் காட்டியது. அன்றைய நிலைமையில் காஷ்மீரில் படப்பிடிப்பு நடத்த முடியவில்லை. மணாலி போன்ற மலையூர்கள் காஷ்மீராக நடித்தன. காஷ்மீர் என்று நாம் பார்த்து உருகிய பனி இமாசலத்துப் பனி. யாருக்கும் உறுத்தவில்லை. வெள்ளைக்கு ஊர்ப்பெயர் எதற்கு என்று விட்டுவிட்டோம்.

கொல்லைப்புறக் கேள்விக்கு வருகிறேன். மேல் நிலையத்திலிருந்து கயிற்றைத் தாண்டிப் போகிறவர்கள் பல வழிகளில் இறங்குகிறார்கள். அவற்றில் ஒன்று காட்டு மரங்களுக்கிடையே நெளிந்து பாபா ரேஷி என்ற ஊரில் முடியும். சூஃபி ஞானி ஒருவரின் அடக்கத்தலம் அது. காஷ்மீரிகள் நேர்த்திக்கடன் செலுத்த வரும் இடம். இன்னொரு வழி டிராங் கிராமத்தில் முடியும். அங்கே வண்டி பிடித்து மீண்டும் மேலே போகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் காலையில் கதவைத் திறந்தால் மலை எதிரே நிற்கிறது. அவர்களுக்கு அது முன்புறம். மேலே உள்ள புல்வெளிகளில் குஜ்ஜர், பக்கர்வால் இடையர்கள் கோடையில் வந்து தங்கும் மண்கூரைக் குடிசைகள் உண்டு. மாரியில் பனி அவற்றை மூடிவிடும். யாரோ ஒருவருடைய கூரைக்கு மேல் சறுக்கிக்கொண்டு போகிறவர் ‘மனிதவாடையே இல்லை’ என்று எழுதுகிறார்.

பனியைப் பற்றி இரண்டு வார்த்தை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வாதத்தின் கனம் அங்கேதான். பனி ஒரே நாளில் விழுந்து கிடக்கும் வெள்ளைத்துணி அன்று. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. ஒவ்வொரு வெயிலும் காற்றும் மழையும் அதன்மேல் ஒரு கீறல். மாரியின் தொடக்கத்தில் கொஞ்சமாகப் பனி விழுந்து, பிறகு வாரக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடந்தால் என்ன ஆகும்? அடியில் தரை உறைநிலையை ஒட்டி இருக்கும். மேல்பரப்பு இரவில் கடுமையாகக் குளிரும். பனி மெல்லியதாக இருப்பதால் இந்த வேறுபாடு சில சாண் கனத்துக்குள்ளேயே நெருக்குகிறது. அடியிலிருந்து நீராவி மேலேறி, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரை மணிகளைப் போல மாற்றிவிடுகிறது. பிறகு கனத்த பொழிவு வந்து அதன்மேல் பலகையாக அமர்கிறது. மேலே பார்த்தால் பட்டு மாதிரி இருக்கும். ஒரு மனிதனின் எடை போதும், பலகை உடைந்து சரிவோடு போய்விடும். ஏறத்தாழ 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வுகளில் இது அதிகம் நடக்கும். சறுக்குவதற்கு ஆசையூட்டும் சாய்வுகளும் அவையே. ‘ஆழம்’ என்ற சொல்லைச் சந்தேகிக்கச் சொல்லிக்கொடுக்கப்பட்ட தலைமுறை நாம். இங்கே ஆழம் உருவகமில்லை, தோழர்களே. குழி தோண்டிப் பார்க்க வேண்டும்.

காஷ்மீரிகள் மாரியை எண்ணும் முறையிலும் இந்த வரிசை இருக்கிறது. டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் சில்லை கலான். அடுத்த இருபது நாள் சில்லை குர்த். கடைசிப் பத்து நாள் சில்லை பச்சா. சில்லை கலானில் விழுகிற பனி இறுகிக் கிடந்து கோடையில் ஓடைகளுக்கு ஊற்றாகும். பிந்தி விழுவது பிந்தி வந்த விருந்தாளி மாதிரி; வெயில் ஏறியதும் கிளம்பிவிடும். எவ்வளவு பனி என்பதைப் போலவே எப்போது பனி என்பதும் முக்கியம்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். 2024 ஜனவரியில் குல்மார்க் பழுப்புப் புல்வெளியாகக் கிடந்தது. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து ஈரத்தைக் கொண்டுவரும் மேற்கத்திய காற்றழுத்த அலைகள் அந்த மாதம் ஏறக்குறைய கைவிட்டன. கடைசி வாரத்தில்தான் நல்ல பனி வந்தது, பிப்ரவரியில் கொட்டியது. பிப்ரவரி 21இல் கேலோ இந்தியா மாரி விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. மறுநாள் 22ஆம் தேதி சரிவில் ஒரு ரஷ்யச் சறுக்காளர் பனிச்சரிவில் சிக்கி இறந்தார். அவருடன் சென்றவர்கள் மீட்கப்பட்டார்கள். 2025 பிப்ரவரியில் பனி போதாமல் அதே போட்டிகள் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. இரண்டு ஆண்டுகளிலும் ‘பனி வந்துவிட்டது’ என்றே கதை சுபமாக முடிக்கப்பட்டது. சுற்றுலாவின் கணக்கில் அது சுபம்தான். ஓடையின் கணக்கு வேறு, பனியடுக்கின் கணக்கு வேறு. வறண்ட ஜனவரியின் மேல் கொட்டிய பிப்ரவரி என்பது மேலே நான் சொன்ன சர்க்கரை மணிக்கும் பலகைக்கும் ஏற்ற வரிசை. ஜேலம் நதியை நம்பி நெல் நடுகிறவர் ஜனவரியிலேயே கவலைப்பட்டிருப்பார். அந்தக் கவலை பனி இல்லாத சறுக்குதளத்தின் புகைப்படத்துக்குக் கீழே ஒரு வரியாகத்தான் ஏறுகிறது.

இதை ‘காலநிலை மாற்றம்’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவதிலும் எனக்குச் சங்கடம் உண்டு. வெப்பம் ஏறுவது உண்மை. பனியாக விழ வேண்டியது தாழ்வான சரிவுகளில் மழையாக விழுவதும் அதோடு சேர்ந்ததே. ஆனால் அந்தப் பெருங்கதையாடலுக்குள் எல்லோரும் சம அளவில் பாதிக்கப்பட்டவர்களாகி விடுகிறோம். விமானத்தில் பனியைத் தேடி வருகிறவரும், பனி இல்லாததால் ஸ்லெட்ஜ் இழுக்கும் வேலை போய் உட்கார்ந்திருப்பவரும் ஒரே வாக்கியத்தில் நனைகிறார்கள்.

பனியை வாசிக்கும் அறிவு யாரிடம் இருக்கிறது? பனிச்சரிவு எச்சரிக்கைகளைக் கணிப்பது பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம். ராணுவத்துக்கு அந்த அறிவு தேவைப்படுவதில் வியப்பில்லை. 2010 பிப்ரவரி 8இல் இதே மலையில், போர்ப்பள்ளியின் பயிற்சியில் இருந்த பதினேழு படைவீரர்கள் பனிச்சரிவில் மாண்டார்கள். மக்களுக்கு வந்து சேரும் எச்சரிக்கை மாவட்ட அளவில் இருக்கும்: இன்ன மாவட்டம், இத்தனை மீட்டருக்கு மேல், நடுத்தர அபாயம். மற்றதை இணையத்தில் வானிலை வரைபடங்களைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2019 ஆகஸ்ட் 5இல் அந்த இணையமும் அறுக்கப்பட்டது. 2020 ஜனவரி கடைசியில் குறிப்பிட்ட தளங்களுக்கு மட்டும் 2ஜி வந்தது. 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். இரண்டு மாரிகள். ‘பாதுகாப்பு’ என்ற குறிப்பானுக்கு எத்தனை குறிப்பீடுகள் பாருங்கள்.

சறுக்குதளத்துக்குள் ரோந்துக்காரர்கள் வெடி வைத்துப் பனியைத் தாங்களே சரித்துவிடுகிறார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் எந்தச் சரிவு, எந்த அடுக்கு என்பதை அன்று காலையில் குழி தோண்டிப் பார்த்த வழிகாட்டிதான் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் பையன்தான் பெரும்பாலும். வாடிக்கையாளர் கிளம்பினால் அவனுக்குக் கூலி. ‘இன்னிக்கு வேணாம் சார், அடியில சரியில்ல’ என்று அவன் சொன்னால் அன்றைய கூலி போச்சு.